தொண்ணூற்றைந்துக்கும் தொண்ணூற்றேழுக்கும் நடுவில் ஒரு மலை

1

போன மாதம் என் தம்பி சுரேஷ் கார் வாங்கினான். துறையூர் பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்திவிட்டு எனக்கு வீடியோ அழைப்பு போட்டான். நான் இங்கே கியா பார்ம் சந்தையில், வேலை பார்க்கும் கடை முன்னால் ஸ்ட்ராபெர்ரி டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, சாதா பெட்ரோலா, பவர் பெட்ரோலான்னு கேக்குறாங்க. எது போட?"

"என்ன காருடா அது?"

"வெள்ளைக் காருக்கா."

"கலரு கேக்கல. இன்ஜின் என்ன? கூட வந்த புத்தகத்துல என்ன போட்டிருக்கு?"

"புத்தகம் பிளாஸ்டிக் கவர்ல இருக்கு. பூஜை போட்டுட்டுதான் பிரிக்கணும்னு அம்மா சொல்லிருச்சு."

நான் விளக்க ஆரம்பித்தேன். எத்தனை பேர் ஏறுவீர்கள், சாமான் உண்டா, மேட்டில் ஓட்டுவாயா, வெயில் எப்படி என்று கேட்டுக்கொண்டே போனேன். அவனுக்குப் பின்னால் ஹாரன் அடிக்கும் சத்தம் எனக்கே கேட்டது.

"நீ சொல்லி முடிக்கிறதுக்குள்ள சாதாவே ஊத்திட்டாருக்கா. ஃபாரின்ல கார் ஓட்டுறேங்குற, ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையே உனக்கு."

"அப்படி ஒரு வார்த்தையில சொல்ற விசயம் இல்ல லா அது."

"என்னது, லாவா?" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான். இங்கத்துப் பேச்சு அது, கேட்காமலே வாக்கியத்தோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

அவன் சொன்னது இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை. பொதுவாகவே எனக்குத் தூக்கம் குறைவு, அதனால் முழுப் பழியையும் அவன் மேல் போட முடியாது. ஊரில் இப்போது எல்லோரும் கார் வாங்குகிறீர்கள். பங்கில் போய் நிற்கும்போது இதே கேள்வி உங்களுக்கும் வரும். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் ஒன்பதாம் வகுப்பைக்கூட முடிக்காதவள். படித்தவர்கள் வேறு மாதிரி சொன்னால் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

2

நான் ஒன்பதாம் வகுப்பை முடிக்காமல் போனதற்குக் காரணமே பெட்ரோல்தான்.

எங்கள் அப்பாவிடம் ஒரு மொபெட் இருந்தது. காலையில் அதில்தான் என்னைப் பஸ் நிற்கும் இடத்துக்குக் கொண்டு விடுவார். அந்த வண்டிக்குப் பெட்ரோலில் இன்ஜின் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். பெட்டிக்கடையில் பாட்டிலில் கலந்தே வைத்திருப்பார்கள். ஒரு வாரம் கடைக்காரரிடம் ஆயில் தீர்ந்துபோனது. வெறும் பெட்ரோலை விற்றார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குச் சத்தம் கேட்டது. "அப்பா, வண்டில என்னமோ தட்டுது" என்றேன். "காத்து" என்றார். மறுநாளும் சொன்னேன். "சும்மா வா" என்றார். அதற்கு அடுத்த நாள் புளியமரத்துக்குப் பக்கத்தில் வண்டி இறுகி நின்றது. பிஸ்டன் பிடித்துக்கொண்டது என்றார்கள். சரிசெய்து வருவதற்குள் அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. பிறகு பருத்தி எடுக்க ஆள் வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போ என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அப்படியே நின்றுபோனேன்.

அதிலிருந்து எந்த வண்டியில் ஏறினாலும் காது இன்ஜினிடம் போய்விடும். சின்னதாக ஏதாவது தட்டினால், எங்கேயோ எனக்கு ஏதோ நிற்கப்போகிறது என்று தோன்றும். திருமணமாகி இந்த நாட்டுக்கு வந்த விமானத்திலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் இடம் தந்தார். நான் இறக்கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

3

வெளிநாடு என்றதும் நீங்கள் மாடிக் கட்டடங்களை நினைத்துக்கொள்வீர்கள். இங்கே அப்படி எதுவும் இல்லை. நாங்கள் இருப்பது மலாய் நாட்டின் கேமரன் மலையில், ஒரு தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில். வாசலில் நின்றால் மலை மலையாகத் தேயிலை. விடிகாலையில் பனி, மத்தியானத்தில் மழை. ஆண்டு முழுக்க ஸ்வெட்டர்.

என் வீட்டுக்காரர் குணசேகரன் இங்கேயே பிறந்தவர். பறித்த கொழுந்தைத் தொழிற்சாலைக்கு ஏற்றிப்போகும் எஸ்டேட் லோரி ஓட்டுகிறார். லோரி டீசலில் ஓடுவது. டீசலில் சாதா, உசத்தி என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. அதனால் பெட்ரோலிலும் அப்படி ஒரு வித்தியாசம் கிடையாது என்பது அவர் முடிவு.

வந்த புதிதில் இங்கத்துப் பேச்சு எனக்குப் பிடிபடவில்லை. பெட்ரோலை இங்கே எல்லோரும் எண்ணெய் என்பார்கள். ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் போனவர் வழியில் நின்றுகொண்டு, "மோட்டர்ல எண்ணெய் இல்ல, கொஞ்சம் எடுத்துட்டு வா" என்று ஆள் அனுப்பினார். நான் தேங்காயெண்ணெய்ப் பாட்டிலோடு போய் நின்றேன். சங்கிலிக்குப் போடுவதற்காக்கும் என்று நினைத்தேன். லைனில் இன்றைக்கும் யாராவது பெட்ரோல் போடப் போனால், "மல்லிகா அக்கா வீட்ல கேட்டுப் பாரு" என்கிறார்கள்.

எஸ்டேட் கிராணி, அதாவது ஆபீஸ் கணக்கர், ஓய்வு பெற்றுப் போகும்போது தன் பழைய காரை எங்களுக்கு விற்றார். என் வீட்டுக்காரர் அதை வாங்கினாலும் பெரும்பாலும் ஓட்டியது நான்தான். தானாராத்தாவில் ஓட்டுநர் தேர்வு எழுதி, இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை ஜெயித்தேன். அப்போதிருந்து கியா பார்ம் கடைக்கு நானே ஓட்டிப் போய் நானே ஓட்டி வருகிறேன். இந்த நாட்டில் யாரையும் எதிர்பார்க்காமல் நான் செய்கிற ஒரே காரியம் அதுதான். மற்றதெல்லாம் யாராவது ஒருவர் கூட வந்து பேச வேண்டியதாகவே இருக்கிறது.

சாவியைக் கொடுக்கும்போது கிராணி ஐயா என்னைப் பார்த்துச் சொன்னார்: "தங்கச்சி, இதுக்கு தொண்ணூத்தேழு ஊத்து. ராசா மாதிரி ஓடும்."

இங்கே பெட்ரோலுக்கு எண்தான் பெயர். மஞ்சள் கைப்பிடி போட்டது தொண்ணூற்றைந்து, சாதா. அதற்குப் பக்கத்தில் இருப்பது தொண்ணூற்றேழு, உசத்தி. ஊற்றிக் கொடுக்க ஆளும் கிடையாது. முதல் தடவை நான் போய்க் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஊற்றிக்கொண்டு போனார்கள். நான் இறங்கவே இல்லை. எனக்கு முறை வரும் என்று காத்திருந்தேன்.

"அந்த ஆளு வெலயப் பாத்தா ஊத்துனாரு? கிராணிக்கு எஸ்டேட் காசு. நமக்கு தொண்ணூத்தஞ்சு போதும்" என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. தொண்ணூற்றைந்துக்கு அரசாங்கம் சலுகை கொடுக்கிறது. இப்போது அந்தச் சலுகை குடிமக்களுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. அடையாள அட்டையைக் காட்டினால்தான் குறைந்த விலை. அவர் அட்டை நீலம். என்னுடையது சிவப்பு. நான் இங்கே நிரந்தரமாக இருக்கலாம், ஆனால் குடிமகள் இல்லை என்று அதற்கு அர்த்தம். தெரிந்தும் ஒரு நாள் நீட்டிப் பார்த்தேன். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் அட்டையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "மெரா, கா" என்றாள். சிவப்பு, அக்கா என்கிறாள். குரலில் வருத்தம் இருந்தது. அட்டையை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள்.

எப்படியும் முழு விலை கொடுக்கப்போகிறேன், அதை உசத்தியானதற்கே கொடுக்கலாம் என்று நான் தொண்ணூற்றேழு ஊற்றினேன். அவர் போகும்போது நீல அட்டையைக் காட்டித் தொண்ணூற்றைந்து ஊற்றுவார். டாங்கி ஒன்றுதான். கார் நன்றாக ஓடினால், "பாத்தியா, தொண்ணூத்தஞ்சுக்கு என்ன கொறச்சல்" என்பார். நான் மனதுக்குள் தொண்ணூற்றேழுக்கு நன்றி சொல்லிக்கொள்வேன். எங்கள் மகன் தினேஷ் மட்டும் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "ரெண்டு பேரும் ஊத்துறீங்க. அப்ப உள்ள இருக்கறது தொண்ணூத்தாறு."

4

தினேஷ் மலைக்குக் கீழே ஈப்போ நகரத்தில் கல்லூரியில் சேர்ந்தபிறகுதான் சத்தம் ஆரம்பித்தது.

சனிக்கிழமை மத்தியானம் நாங்கள் இருவரும் கீழே இறங்கிப் போவோம். கம்போங் ராஜா வழியாகச் சிம்பாங் பூலாய் இறங்கி, ஈப்போவில் அவனை ஏற்றிக்கொண்டு இருட்டுவதற்குள் மலைக்கு வந்துவிடுவோம். ஞாயிறு சாயங்காலம் அவன் பஸ் பிடித்துப் போய்விடுவான். இந்த ரோட்டில் எப்போதும் என் வீட்டுக்காரர்தான் ஓட்டுவார். எனக்கு எஸ்டேட் ரோடும் கியா பார்ம் ரோடும் பழக்கம். சிம்பாங் பூலாய் இறக்கம் எனக்கு வேண்டாம் என்று நானே சொல்லியிருந்தேன்.

இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் வண்டி காலியாக இறங்காது. முட்டைக்கோஸ், சோளம், தக்காளி, பூ, தேயிலைப் பொட்டலம் என்று யார் வீட்டுக்காவது ஏதாவது போகும். கீழே பல் டாக்டரைப் பார்க்கப் போனால்கூட அவருக்கு ஒரு முட்டைக்கோஸ். திரும்பி ஏறும் வண்டியும் காலியாக ஏறாது. தேங்காய், வாழையிலை, முருங்கைக்காய் எல்லாம் கீழேதான் விளையும். மேலே குளிருக்கு வராது. ஈப்போவில் இருக்கும் என் நாத்தனார் எங்கள் கோஸை இறக்கிய கையோடு அந்த இடத்தில் தேங்காய் மூட்டையைத் தூக்கி வைப்பார். அரிசி மூட்டை, ஐஸ் போட்ட மீன் பெட்டி, அவர் தோட்டத்து வாழைத்தார். அதற்கு மேல் தினேஷ், அவன் அழுக்குத் துணி மூட்டை, அவன் புத்தகப் பை. கார் பின்பக்கம் தணிந்து, விளக்கு இரண்டும் மரக்கிளையைப் பார்க்கும்.

அப்படி ஏறும்போது ஒரு நாள் கேட்டது. டப்பாவில் கடலை போட்டுக் குலுக்கினால் வருமே, அந்த மாதிரி. ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வரும், காலை எடுத்தால் நிற்கும்.

"என்னங்க, தட்டுது."

"காத்து" என்றார்.

எனக்குப் புளியமரம் ஞாபகம் வந்துவிட்டது.

மேலே போய்க் குளிர்காற்று ஆரம்பித்ததும் சத்தம் தானாக நின்றது. நான் கந்தர் மேல் பாரத்தைப் போட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தேன், அவர்தான் நிறுத்தினார் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அதே மாதிரி. கீழே சிம்பாங் பூலாய் வெயிலில் தட்டும், மேலே வந்ததும் அடங்கும். மேலே பிரிஞ்சாங் ஊரில் பட்டறை வைத்திருக்கும் சீனரிடம் காட்டினேன். அவர் ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தார். ஒரு சத்தமும் இல்லை. மறுபடியும் காட்டினேன், மறுபடியும் இல்லை. மூன்றாம் முறை என்னைப் பார்த்ததும் காரை விட்டுவிட்டு, எனக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

தினேஷ்தான் போனில் படித்துவிட்டுச் சொன்னான். "மேல காத்து லேசும்மா. குளிர் வேற. அங்க சாதா எண்ணெய்க்கே இன்ஜின் தட்டாது. கீழ சூடு. பாரம் ஏத்திட்டு மேட்டுல மிதிச்சா எண்ணெய் முன்னாடியே பத்திக்கும், அதான் தட்டுற சத்தம். நம்பர் கூடுன எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் பத்தாது. அவ்வளவுதான் வித்தியாசம். பவரெல்லாம் ஒண்ணும் கூடாது."

"அப்ப தொண்ணூத்தேழு ஊத்தணும்ங்குற."

"ஊத்தலாம். இல்லாட்டி பாரத்தக் கொறைக்கலாம்."

ஊரில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வந்ததும் இதுதான். புத்தகத்தில் சாதா என்று போட்டிருந்தால் சாதாவே போதும். தட்டுகிற சத்தம் கேட்டால் மட்டும் யோசியுங்கள். பெட்ரோலை மாற்றுவதற்கு முன்னால் டிக்கியைத் திறந்து பாருங்கள்.

எங்கள் வீட்டில் யாரும் டிக்கியைத் திறந்து பார்க்கவில்லை. தேங்காய் வேண்டாம் என்று நாத்தனாரிடம் எப்படிச் சொல்வது?

5

தினேஷ் மாறிக்கொண்டு வந்ததை நான் சத்தம் மாதிரி கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். முதலில் ஹாஸ்டலிலிருந்து நண்பர்களோடு வாடகை வீட்டுக்குப் போனான். பிறகு சோளம் வேண்டாம் என்றான்.

"வீட்ல யாரும் சமைக்கறது இல்லம்மா. மக்கான், சாப்பாடு எல்லாம் வெளியதான். போன வாரக் கோஸே இன்னும் வாசல்ல கெடக்கு. பக்கத்து வீட்டு அங்கிள் ஏன் இத இங்க வெச்சிருக்கீங்கன்னு கேக்குறாரு."

"நீ என்ன சொன்ன?"

"சாமிக்குன்னு சொல்லிட்டேன்."

பேசும்போது பாதி மலாய், பாதி ஆங்கிலம். எனக்குப் புரியாத இடத்தில் சிரித்துவிடுவேன், அவன் கொஞ்சம் பொறுத்து, மெதுவாகத் தமிழில் திருப்பிச் சொல்வான். திருப்பிச் சொல்லும்போது அதில் சிரிப்பு இருக்காது. சனிக்கிழமை காரில் ஏறியதும் காதில் ஒன்றை மாட்டிக்கொள்வான். ஆனாலும் ஏறிவிடுவான். வீட்டுக்கு வந்து என் இட்லியைச் சாப்பிட்டு, மத்தியானம் வரை தூங்கி, துணியைத் துவைத்துக் கொடுத்ததும் போய்விடுவான். எனக்கு அது போதும்.

காரின் சத்தம் மட்டும் கூடிக்கொண்டே வந்தது. ஒரு சனிக்கிழமை என் வீட்டுக்காரரே பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார். அன்று இரவு சாப்பிடும்போது, திரிங்காப்பில் பூத்தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் பண்ணைக்குள்ளே ஓட்ட ஒரு பழைய கார் தேடுகிறார் என்றார்.

"இன்ஜின் போறதுக்குள்ள குடுத்துடலாம். போனபெறகு யாரும் தொட மாட்டான்."

"எனக்குக் கடைக்குப் போக?"

"காலையில லோரில கொண்டு போய் விடுறேன். வேல முடிஞ்சு வந்து ஏத்திக்குறேன். நீ ஏன் கவலப்படுற?"

நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கெட்ட மனதோடு சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். ரோட்டோரம் பனியில் கூடையோடு நான் நிற்பதும், அவருக்கு லோட் முடியாமல் நேரமாவதும், கடைக்கார அம்மா வேறு ஆள் தேடுவதும் வரிசையாக எனக்குத் தெரிந்தது. மொபெட் நின்ற மாதிரிதான். யாரும் போகாதே என்று சொல்லமாட்டார்கள்.

"ஒரு தடவ டாங்கி காலி பண்ணிட்டு முழுக்க தொண்ணூத்தேழு ஊத்திப் பாப்போம். அதுலயும் தட்டுனா குடுத்துடுங்க" என்றேன்.

அவர் யோசித்தார். "சரி. இந்தச் சனிக்கெழம. தட்டுனா திங்கக்கெழம அவர வரச் சொல்லிடுவேன்."

6

அந்த வாரம் முழுக்கக் காரைக் குறைவான எண்ணெயில் ஓட்டினேன். எரிபொருள் முள் சிவப்புக்கு வந்தபோது எனக்கு ரத்த அழுத்தம் ஏறியது. சனிக்கிழமை காலையில் பிரிஞ்சாங்கில் முழு டாங்கியும் தொண்ணூற்றேழு. சிவப்பு அட்டை, நீல அட்டை எதையும் யாரும் கேட்கவில்லை. கவுண்டர் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

கிளம்புவதற்கு முன்னால் தினேஷ் போன் செய்தான். "மா, இந்த வாட்டி ஒண்ணும் கொண்டாராதீங்க. எனக்கும் வேணாம், அத்தைக்கும் வேணாம்."

"வெறுங்கையோட எப்படிடா போறது?"

"ஒரே ஒரு தடவ."

ஒரு டப்பா ஸ்ட்ராபெர்ரி மட்டும் எடுத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரருக்கு அது பெரிய வெட்கம். வழி முழுக்க, "அக்கா என்ன நெனப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

நாத்தனார் வாசலிலேயே நின்றிருந்தார். முகம் சரியில்லை.

"வா மல்லிகா. உன் மவன் வந்து என்ன சொன்னான் தெரியுமா? அத்தை, இன்னிக்கி தேங்கா ஏத்தாதீங்கன்னான். என் தேங்கா உங்களுக்கு என்ன பண்ணிச்சு?"

"ஒண்ணும் பண்ணல அண்ணி. காருக்குத்தான் முடியல."

"காருக்கு முடியலன்னா காரத் திட்டு. தேங்காய ஏன் திட்டுறீங்க?"

என் வீட்டுக்காரர் சமாதானம் சொல்ல உள்ளே போனார். தினேஷ் கார்ப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். கையில் துணி மூட்டை இல்லை. முதுகில் பை இல்லை.

"உன் சாமான் எங்க?"

"நான் ஏறலம்மா."

"ஏன்?"

"ஏறுனா பாரம்தான். நீங்க ரெண்டு பேர் மட்டும் காலிக் காருல போங்க. தட்டாது. அப்பா விக்க மாட்டாரு."

இவ்வளவு யோசித்திருக்கிறானே என்று அவன் கையைப் பிடித்தேன். அவன் கையை உருவிக்கொள்ளாமல், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அதோட சனி ஞாயிறுல எனக்கு ஒரு பார்ட் டைம் வேல கெடச்சிருக்கு. பர்கர் கடை. இனிமே எல்லா வாரமும் வர முடியாதும்மா."

இதில் எது காரணம், எது சாக்கு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. எங்கள் டாங்கி மாதிரிதான். இரண்டும் கலந்தே இருந்திருக்கும்.

நாங்கள் இருவர் மட்டும் ஏறினோம். சிம்பாங் பூலாய் தாண்டி முதல் ஏற்றம் வந்தது. வெயில் கண்ணாடியில் அடித்தது. என் வீட்டுக்காரர் வேண்டுமென்றே நன்றாக மிதித்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். ஒன்றும் இல்லை. இரண்டாவது ஏற்றத்தில் ஒரு மண் லோரியை முந்தினார். அப்போதும் ஒன்றும் இல்லை. பின்னால் திரும்பிப் பார்த்தேன். சீட்டு காலியாக இருந்தது. வளைவில் வளைவில் சீட் பெல்ட்டின் கொக்கி மட்டும் கதவில் லேசாகத் தட்டிக்கொண்டு வந்தது.

கம்போங் ராஜா வந்ததும் அவர் பெருமூச்சு விட்டார். "தொண்ணூத்தேழுதான் போல" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

7

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. என் வீட்டுக்காரர் திரிங்காப் ஆளுக்குப் போன் செய்து கார் இல்லை என்று சொல்லிவிட்டார். லைனில் கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் போய்த் தொண்ணூற்றேழு ஊற்றச் சொல்கிறார். சலுகை அட்டையைப் பையில் வைத்துக்கொண்டே முழு விலை கொடுத்து உசத்தி ஊற்றுகிறார். "கிராணி ஐயா அப்பவே சொன்னாரு. நாமதான் கேக்கல" என்று என்னிடமே சொல்கிறார். இத்தனை வருடம் நடந்த வாக்குவாதத்தில் நான் ஜெயித்துவிட்டேன். தப்பான காரணத்துக்காக ஜெயித்தேன் என்பதை அவரிடம் சொல்ல இன்னும் நேரம் வரவில்லை.

கார் என்னிடமே இருக்கிறது. காலையில் நானே கடைக்குப் போகிறேன், நானே வருகிறேன். சத்தம் இல்லை.

அடுத்த சனிக்கிழமைக்கு நான் மாவு ஆட்டி வைத்தேன். இந்தக் குளிரில் மாவு லேசில் புளிக்காது. அடுப்புக்குப் பக்கத்தில் துணி சுற்றி வைத்தால்தான் பொங்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி பொங்கி வழிந்திருந்தது. சனிக்கிழமை காலையில் தினேஷ் வேலை இருக்கிறது என்றான். இரண்டு பேர் எத்தனை இட்லி சாப்பிட முடியும்? நாலு வீட்டுக்குக் கொடுத்தேன். அதற்கு அடுத்த சனிக்கிழமையும் வேலை என்றான். "கீழ எதுக்கு சும்மா போய்க்கிட்டு, காரு தேயும்" என்றார் என் வீட்டுக்காரர். அந்தச் சனிக்கிழமை கார் வாசலிலேயே நின்றது. மழையில் நனைந்துகொண்டு நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தது.

அன்றைக்கு ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே நிறைய யோசித்தேன். சத்தம் வந்தால் கார் போய்விடும் என்று பயந்தேன். சத்தம் நின்றதும் கார் தங்கியது, அதில் ஏறவேண்டியவன் ஏறவில்லை. இன்ஜின் நிற்காமல் இருப்பதற்காகவே கீழே கொண்டுபோகாமல் வைத்திருக்கும் காரை என்னவென்று சொல்வது? பருத்தி எடுக்கப் போன அந்த வருடமும் அப்பாவின் மொபெட் சரியாகி வாசலில்தான் நின்றுகொண்டிருந்தது.

புதன்கிழமை மத்தியானம் கடையில் கூட்டம் இல்லை. அவனுக்குப் போன் செய்தேன்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்மா. கார் எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு. தட்டவே இல்ல."

"சொன்னேன்ல."

"ஞாயித்துக்கெழம உனக்கு எத்தன மணிக்கு வேல?"

"இந்த ஞாயிறு லீவும்மா. சனிக்கெழமதான், ரெண்டு மணிக்கு முடிஞ்சிரும். ஆனா வேணாம்மா. நான் ஏறுனா தட்டும். அப்பா மறுபடியும் ஆரம்பிப்பாரு. பஸ்ல வரலாம்னா அந்நேரத்துக்குப் பஸ்ஸும் இல்ல."

"சனிக்கெழம ரெண்டரைக்கு வாசல்ல நில்லு. துணி மூட்டையெல்லாம் எடுத்துக்க. அத்தைகிட்ட தேங்காயும் எடுத்து வைக்கச் சொல்லிருக்கேன்."

"அம்மா, அவ்வளவு பாரம் ஏத்திட்டு எப்படி?"

"உங்கப்பாவ வீட்ல விட்டுட்டு வரேன்."

அவனுக்குப் பின்னால் கல்லூரியில் யாரோ மலாயில் எதையோ கத்துவது கேட்டது.

"அப்ப யாரு ஓட்டுவா?" என்றான். "சிம்பாங் பூலாய் எறக்கம் லா அது."

"நான்தான். மெதுவா வருவேன். நேரமாச்சுன்னா போன் பண்ணி பயமுறுத்தாத."